120 மணி நேரம்: மாணவர் தூதர் வேலையின் வரவு செலவு

பிரிட்டனில் முழுநேர இளநிலை மாணவர்களில், பாடம் நடக்கும் வாரங்களிலேயே சம்பளத்துக்கு வேலை பார்ப்போர் 2022இல் 45 சதவீதம். 2023இல் 55, 2024இல் 56, 2025இல் 68 சதவீதம். உயர்கல்விக் கொள்கை நிறுவனமான ஹெப்பியும் அட்வான்ஸ் ஹெச்இ அமைப்பும் ஆண்டுதோறும் நடத்தும் மாணவர் அனுபவ ஆய்வு தரும் எண்கள் இவை. மூன்று ஆண்டுகளில் 23 சதவீதப் புள்ளிகள் ஏறியிருக்கின்றன. இன்று மூவரில் இருவர் படித்துக்கொண்டே சம்பாதிக்கிறார்கள். ஆகவே மாணவர் வேலைக்குப் போகலாமா என்ற கேள்விக்கு நடைமுறை பதில் சொல்லிவிட்டது. எந்த வேலையின் ஒரு மணி நேரம் மாணவருக்கு என்ன தருகிறது என்பதே இனி கணக்கிட வேண்டியது.

அந்த வேலைகளில் ஒன்று மாணவர் தூதர் பணி. சேர விரும்புவோருக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டுவது, ‘ஓப்பன் டே’ நாட்களில் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது, பள்ளிகளுக்குச் சென்று வகுப்பறையில் பேசுவது, இணையவழி உரையாடலில் விண்ணப்பதாரர்களுக்கு வழிகாட்டுவது ஆகியவை இதில் அடங்கும். அமர்த்துவது பல்கலைக்கழகமே. ஊதியம் மணிக்கணக்கில். வேலை நேரம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும்.

இந்தக் கட்டுரை ஆண்டுக்கு 120 மணி நேரத்தை மாதிரி அளவாகக் கொள்கிறது: வாரம் 6 மணி நேரம், 20 வாரங்கள். இது எந்தப் பல்கலைக்கழகத்தின் சராசரியும் அல்ல. கூட்டிக் கழித்துப் பார்ப்பதற்காக எடுத்துக்கொண்ட அளவு. ஊதிய விகிதம், கடன் தொகை, ஆய்வு முடிவு ஆகியவை வெளியான உண்மை எண்கள். மணி நேரப் பங்கீடும் அதிலிருந்து பெறும் எண்ணிக்கைகளும் மாதிரி எண்கள். பொருந்தாத எண்ணை மாற்றிப் போட்டு வாசகரே மறுபடி கணக்கிடலாம்.

120 மணி நேரத்தை ஐந்து தலைப்புகளில் பிரிப்போம். பயிற்சிக்கு 8 மணி நேரம். ஓப்பன் டே ஐந்து, ஒவ்வொன்றும் 8 மணி நேரம், ஆக 40. வளாகச் சுற்று 24, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், ஆக 36. பள்ளி வருகை ஆறு, ஒவ்வொன்றும் 4 மணி நேரம், ஆக 24. இணையவழி உரையாடல் 12. சதவீதத்தில் சொன்னால் 6.7, 33.3, 30, 20, 10. மொத்த நேரத்தில் 83.3 சதவீதம், அதாவது 100 மணி நேரம், முன்பின் தெரியாத மனிதர்களின் முன்னால் நேருக்கு நேர் கழிகிறது.

பணக் கணக்கு

முதலில் ஊதியம். ஏப்ரல் 2024இல் பிரிட்டனின் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மணிக்கு 11.44 பவுண்டு, 18 முதல் 20 வயது வரை 8.60 பவுண்டு. 19 வயது மாணவர் 120 மணி நேரத்தில் ஈட்டுவது 1,032 பவுண்டு. அதே வேலையை 21 வயது மாணவர் செய்தால் 1,372.80 பவுண்டு. ஒரே வளாகத்தை, ஒரே வழியில், ஒரே நேரம் சுற்றிக் காட்டிய இருவருக்கிடையே 340.80 பவுண்டு வேறுபாடு.

சில பல்கலைக்கழகங்கள் வாழ்வூதிய அறக்கட்டளை அறிவிக்கும் விகிதத்தைத் தர முன்வந்திருக்கின்றன. அக்டோபர் 2023இல் அறிவிக்கப்பட்ட அந்த விகிதம் லண்டனுக்கு வெளியே 12.00 பவுண்டு, 18 வயது நிறைந்த எல்லோருக்கும் ஒரே தொகை. 120 மணி நேரத்துக்கு 1,440 பவுண்டு. 19 வயது மாணவருக்கு இது சட்டக் குறைந்தபட்சத்தைவிட 408 பவுண்டு, அதாவது 39.5 சதவீதம் அதிகம். வேலை தேடும் மாணவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: ஊதியம் வயதைப் பார்த்தா, பணியைப் பார்த்தா?

சம்பளத்தோடு விடுப்பு ஊதியமும் சேரும். பிரிட்டனில் பணியாளருக்கு ஆண்டுக்கு 5.6 வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு உண்டு. ஆண்டின் எஞ்சிய 46.4 வாரத்தால் வகுத்தால் 12.07 சதவீதம். நேரம் நிலையில்லாத வேலைகளில் இதைச் சம்பளத்தோடு சேர்த்தே கொடுக்க, 1 ஏப்ரல் 2024 முதல் தொடங்கும் விடுப்பு ஆண்டுகளுக்குச் சட்டம் இடம் தருகிறது. 1,032 பவுண்டுக்கு இது 124.56 பவுண்டு; மொத்தம் 1,156.56. 1,440 பவுண்டுக்கு 173.81, மொத்தம் 1,613.81. ஊதியச் சீட்டில் இந்த வரி இல்லையென்றால் மாணவர் விசாரித்தே ஆக வேண்டும். 14 மணி நேரத்துக்கு மேற்பட்ட உழைப்பின் மதிப்பு அது.

இந்தப் பணம் எந்த அளவுக்குப் போதும்? ஹெப்பி 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, லண்டனுக்கு வெளியே ஒரு மாணவர் குறைந்தபட்சக் கண்ணியத்தோடு வாழ ஆண்டுக்கு 18,632 பவுண்டு தேவை. இங்கிலாந்தில் வீட்டை விட்டு வெளியே தங்கிப் படிப்பவர் 2024–25இல் பெறக்கூடிய அதிகபட்ச வாழ்க்கைச் செலவுக் கடன் 10,227 பவுண்டு. அது தேவையின் 54.9 சதவீதம். துண்டு விழுவது 8,405 பவுண்டு. தூதர் வேலையின் 1,156.56 பவுண்டு இதில் 13.8 சதவீதத்தை நிரப்பும், 1,613.81 பவுண்டு 19.2 சதவீதத்தை நிரப்பும். ஏழில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை. இந்த வேலையை மட்டும் நம்பி ஒரு மாணவர் படிப்பை முடிக்க முடியாது என்பதை இந்த எண் தெளிவாக்குகிறது.

மொத்தத் துண்டையும் 8.60 பவுண்டு ஊதியத்தில் ஈடுகட்ட 977 மணி நேரம் உழைக்க வேண்டும். ஆண்டின் 52 வாரமும் இடைவிடாமல் உழைத்தாலும் வாரத்துக்கு 18.8 மணி நேரம். 120 மணி நேரம் அதில் 12.3 சதவீதமே. மிச்சமுள்ள 857 மணி நேரத்தை உணவகமோ கடையோ கிடங்கோதான் தரும். தூதர் பணிக்குத் தேர்வாகும் மாணவர் பலருக்கு இது இரண்டாவது வேலையாக இருப்பதன் கணிதம் இதுதான்.

விகிதங்கள் வேகமாக மாறுகின்றன. 18–20 வயதினருக்கான ஊதியம் ஏப்ரல் 2020இல் 6.45 பவுண்டு, 2024இல் 8.60, 2025இல் 10.00, 2026இல் 10.85. ஆறு ஆண்டுகளில் 68.2 சதவீத உயர்வு. 2024இல் இளையவரின் ஊதியம் மூத்தவர் ஊதியத்தில் 75.2 சதவீதம், 2026இல் மூத்தவருக்கு 12.71 பவுண்டு என்பதால் 85.4 சதவீதம். 2024–25இலிருந்து 2025–26க்கு அதிகபட்சக் கடன் 10,227இலிருந்து 10,544 பவுண்டாக, 3.1 சதவீதம் மட்டுமே ஏறியது. ஆக, மாணவரின் வரவுசெலவில் உழைப்பின் பங்கு கடனின் பங்கைவிட வேகமாகக் கூடுகிறது.

வெளிநாட்டிலிருந்து மாணவர் விசாவில் வந்து பட்டம் படிப்போருக்கு இன்னொரு எண் முக்கியம்: பாடப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம். தமிழ்நாட்டிலிருந்து போகும் மாணவருக்கும் இதுவே வரம்பு. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒரு வாரம் குறைத்து மறுவாரம் கூட்டிச் சராசரி காட்ட முடியாது. உணவகத்தில் 12 மணி நேரம் வேலை பார்ப்பவர் ஒரு ஓப்பன் டேயில் 8 மணி நேரம் நின்றால் சரியாக 20. அதே வாரத்தில் ஒரு வளாகச் சுற்றையும் ஏற்றால் 21.5. ஒன்றரை மணி நேரம் கூடினாலும் அது விசா விதிமீறல். ஓப்பன் டே வாரத்தில் மற்ற வேலையை எவ்வளவு குறைப்பது என்று முன்கூட்டியே எழுதிவைத்துக் கணக்கிடுவது இவர்களுக்குக் கட்டாயம்.

அவர்களின் செலவுப் பக்கத்தையும் பார்க்கலாம். மாணவர் விசாவுக்கான சுகாதாரக் கூடுதல் கட்டணம் பிப்ரவரி 2024 முதல் ஆண்டுக்கு 776 பவுண்டு. 11.44 பவுண்டு ஊதியத்தில் இது 67.8 மணி நேர உழைப்பு. வாரம் 6 மணி நேரம் என்றால் 11 வாரத்துக்கும் சற்று மேல். 120 மணி நேரத்தில் பாதிக்கு மேல், 56.5 சதவீதம், இந்த ஒரு கட்டணத்துக்குச் சமம்.

திறன் கணக்கு

பணத்தில் தூதர் வேலை மற்ற மாணவர் வேலைகளைவிட அதிகம் தருவதில்லை. வேறுபாடு அந்த மணி நேரங்களுக்குள் நடக்கும் காரியத்தில் இருக்கிறது. ஒன்றரை மணி நேர வளாகச் சுற்றில் பாதி நேரம், 45 நிமிடம், வழிகாட்டியே பேசுகிறார் என்று கொள்வோம். 24 சுற்றுகளில் 18 மணி நேரம். ஒவ்வொரு பள்ளி வருகையிலும் ஒரு மணி நேரம் வகுப்பின் முன் பேசுகிறார் என்றால் மேலும் 6. மொத்தம் 24 மணி நேரப் பேச்சு. இங்கிலாந்தில் ஓராண்டுப் படிப்பு 120 கிரெடிட். 20 கிரெடிட் கொண்ட பாடங்கள் ஆறு. ஆறிலும் தலா 10 நிமிடம் தனியாகப் பேசி விளக்கும் பணி இருந்தாலும் ஆண்டுக்கு 60 நிமிடம்தான். 24 மணி நேரம் எங்கே, ஒரு மணி நேரம் எங்கே! வகுப்பறையில் மூன்று ஆண்டில் கிடைக்கும் பேச்சு நேரத்தை, இந்த மாதிரிக் கணக்கில் நான்கு வளாகச் சுற்றுகள் எட்டிவிடுகின்றன.

மனிதர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் முடிவு வேறாகும். சுற்றுக்கு 12 பேர் வீதம் 288 பேர்; ஓப்பன் டேயில் மணிக்கு 10 பேர் வீதம் 400 பேர்; பள்ளிக்கு 30 பேர் வீதம் 180 பேர்; இணையத்தில் மணிக்கு 5 பேர் வீதம் 60 பேர். மொத்தம் 928. பல்பொருள் அங்காடியில் பில் போடும் மாணவர் மணிக்கு 30 பேரைப் பார்த்தாலே 120 மணி நேரத்தில் 3,600 பேர். தூதர் சந்திப்பதைப்போல 3.9 மடங்கு. ஆனால் அங்கே ஒருவருக்குக் கிடைப்பது 2 நிமிடம், பேச்சும் ஏறக்குறைய ஒன்றே. வளாகச் சுற்றில் அதே 12 பேரை 90 நிமிடம் கவனம் சிதறாமல் கூட்டிச் செல்ல வேண்டும். பேச்சுத் திறனுக்கு உரம் ஆட்களின் எண்ணிக்கை அல்ல, ஒரே குழுவோடு தொடர்ந்து நிற்கும் நேரம் என்பதே இதிலிருந்து எடுக்கக்கூடிய எச்சரிக்கையான முடிவு.

கேள்விகளையும் எண்ணலாம். ஒரு சுற்றில் 10 கேள்வி என்றால் 24 சுற்றில் 240. விடுதி வாடகை, நூலகம் திறந்திருக்கும் நேரம், முதலாண்டுத் தேர்வு, பகுதிநேர வேலை என்று பெரும்பாலானவை திரும்பத் திரும்ப வரும். பத்தில் ஒன்றுக்குப் பதில் தெரியாது என்று வைத்தாலும் 24 முறை, ஒரு தந்தையின் அல்லது தாயின் முகத்தைப் பார்த்து, “எனக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன்” என்று தடுமாறாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னபடி விசாரித்துச் சொல்லவும் வேண்டும். பணியிடத்தில் நம்பகமான ஆள் என்று பெயர் வாங்குவது இந்தப் பழக்கத்தால்தான். எந்தப் பாடத்திட்டமும் ஒரு மாணவரை இதற்காக 24 முறை நிறுத்திப் பழக்குவதில்லை.

பிறருக்குச் சொல்லிக் கொடுப்பவர் தானும் வளர்கிறார் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. பீட்டர் கோஹன், ஜேம்ஸ் கூலிக், சென்-லின் கூலிக் மூவரும் 1982இல் மாணவர் மாணவருக்குக் கற்பித்த 65 மதிப்பீடுகளைத் தொகுத்தார்கள். கற்றவர்களின் தேர்ச்சியில் விளைவின் அளவு சராசரியாக 0.40, கற்பித்தவர்களின் தேர்ச்சியில் 0.33. கற்பித்தவர்களை அளந்த 38 ஆய்வுகளில் 33 ஆய்வுகள் அவர்களுக்கு முன்னேற்றம் என்றே காட்டின: 86.8 சதவீதம். 0.33 என்றால், கற்பிக்காத நூறு பேர் வரிசையில் கீழிருந்து ஐம்பதாம் இடத்தில் இருந்திருக்கக்கூடிய ஒருவர், கற்பித்ததால் 63ஆம் இடத்துக்கு உயர்வதற்கு நிகர். இவை பள்ளி மாணவர்களைப் பற்றிய ஆய்வுகள். தூதர் பணி முழுக்கக் கற்பித்தலும் அல்ல. ஆகவே 0.33ஐ அப்படியே எடுத்துவந்து பொருத்தக் கூடாது. திசையைக் காட்டும் எண்ணாக மட்டும் கொள்ளலாம்.

அதே தொகுப்பில் இன்னொரு எண் இருக்கிறது. கற்பித்தவர்கள் தங்களைப் பற்றிக் கொண்டிருந்த மதிப்பு உயர்ந்ததா என்று 16 ஆய்வுகள் பார்த்தன. 12இல் உயர்வு, சராசரி விளைவு 0.18. நூறு பேர் வரிசையில் இது 57ஆம் இடம். தேர்ச்சியில் 0.33, தன்மதிப்பில் 0.18. தன்னம்பிக்கையின் உயர்வு திறனின் உயர்வில் ஏறக்குறைய பாதி. “இந்த வேலையில் சேர்ந்தால் தன்னம்பிக்கை பெருகும்” என்று விளம்பரம் எழுதுவோர் இந்த விகிதத்தை மனத்தில் வைக்க வேண்டும். உயர்வு உண்டு, ஆனால் அது சிறியது, திறனுக்குப் பின்னால் வருவது.

பின்னால் வருவதற்குக் காரணத்தை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் 1977ஆம் ஆண்டுக் கட்டுரை விளக்குகிறது. ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் நான்கு வழிகளில் பிறக்கிறது என்றார் அவர்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப்போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் ஊக்கிச் சொல்வது, உடலின் பதற்றம் அடங்குவது. நான்கில் வலுவானது முதலாவது. தூதர் பணியில் நான்குமே இருக்கின்றன. 24 சுற்றை முடிப்பது முதல் வழி. மூத்த தூதரின் சுற்றில் உடன் நடப்பது இரண்டாவது. பெற்றோர் சொல்லும் நன்றி மூன்றாவது. பத்தாவது சுற்றில் கை நடுங்காதது நான்காவது. செய்து முடித்தால்தான் நம்பிக்கை. எனவே முதலில் எண்ண வேண்டியது செய்து முடித்த தடவைகளை.

பல்கலைக்கழகம் இதைப் படிப்பாகவே ஏற்ற முன்மாதிரியும் பிரிட்டனில் இருக்கிறது. அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் முன்னின்று 2002இல் தொடங்கிய இளநிலை மாணவர் தூதர் திட்டத்தில் கணிதம், அறிவியல், பொறியியல் மாணவர்கள் பள்ளி வகுப்பறைக்குச் சென்று பணியாற்றி, அதற்குச் சம்பளமாக அல்லாமல் கிரெடிட்டாகப் பலன் பெற்றார்கள். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரக் கற்றல் என்பது பிரிட்டனின் கணக்கு. அந்த அளவுகோலில் 120 மணி நேரம் 12 கிரெடிட். ஓராண்டின் 1,200 மணி நேரத்தில் 10 சதவீதம். சம்பளம் தரும் தூதர் பணியில் கிரெடிட் கிடைக்காவிட்டாலும், உயர்கல்விச் சாதனை அறிக்கையின் 6.1 என்ற பிரிவில் பல்கலைக்கழகம் சரிபார்த்த பணியாக அதைப் பதிவுசெய்ய இடமுண்டு. அந்த அறிக்கையை வழங்கும் பல்கலைக்கழகத்தில் பதிவைக் கேட்டு வாங்குவது மாணவரின் உரிமை என்றே கருதுகிறேன்.

பகிர்வுக் கணக்கு

எத்தனை தடவை செய்தால் போதும்? விமானக் கட்டுமானத்தில் டி. பி. ரைட் 1936இல் கண்ட விதி: தயாரித்த எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் ஒன்றுக்கு ஆகும் உழைப்பு முன்பிருந்ததில் 80 சதவீதமாகக் குறைகிறது. பேச்சு விமானம் அல்ல, 80 என்ற எண் இங்கே பொருந்தும் என்பதற்கு உறுதியும் இல்லை. ஆனால் முதல் சில தடவைகளில் வேகமான முன்னேற்றம், பிறகு மெதுவான முன்னேற்றம் என்ற வடிவம் பல பயிற்சிகளுக்குப் பொது. அந்த வடிவத்தைக் கடன் வாங்கினால், முதல் சுற்றின் சிரமம் 100 என்றால் எட்டாவது சுற்றில் 51.2, இருபத்து நான்காவதில் 35.9. மொத்தக் குறைவு 64.1 புள்ளி, அதில் 48.8 புள்ளி முதல் எட்டுச் சுற்றிலேயே வந்துவிடுகிறது. அதாவது 76 சதவீதம்.

இந்த 76 சதவீதத்திலிருந்து ஒரு நிர்வாக முடிவு பிறக்கிறது. ஒருவருக்கு 24 சுற்று தருவதற்குப் பதில் மூவருக்கு எட்டெட்டாகத் தந்தால், ஒவ்வொருவரும் முழுப் பலனில் 76 சதவீதம் பெறுவார்கள். மூவரையும் கூட்டினால் 2.28 மடங்கு. கூடுதல் செலவு பயிற்சியில் மட்டும்: 8 மணி நேரம் 24 ஆகும். மொத்த மணி நேரம் 120இலிருந்து 136. செலவு 13.3 சதவீதம் கூடுகிறது, திறன் பலன் 128 சதவீதம் கூடுகிறது. வருகையாளர்களுக்குப் பழகாத வழிகாட்டி கிடைக்கும் வாய்ப்பு அதிகமாவது இதன் விலை. முதல் இரண்டு சுற்றுகளுக்கு மூத்தவர் ஒருவரை உடன் அனுப்பி அதைக் குறைக்கலாம்.

ஆனால் சம்பளப் பக்கம் எதிர்த்திசையில் இழுக்கிறது. மூவருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு வருவது 45.3 மணி நேரம், 12.00 பவுண்டு வீதம் 544 பவுண்டு. 8,405 பவுண்டுத் துண்டில் இது, விடுப்பு ஊதியம் சேர்த்தும், 7.3 சதவீதம். பணம் தேவைப்படாத மாணவருக்கு 45 மணி நேரம் வசதி. பணம் தேவைப்படுபவருக்கோ உணவகத்தின் நிலையான ஷிஃப்டை விட்டு வரத்தக்க தொகை அல்ல. திறன் கணக்கு பகிரச் சொல்கிறது. வயிற்றுக் கணக்கு குவிக்கச் சொல்கிறது. மாணவர் தூதர் திட்டங்களின் நியாயம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே தீர்மானமாகிறது.

யாரை முன்னிட்டு இந்தத் திட்டங்கள் பள்ளிகளுக்குப் போகின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இங்கிலாந்தின் அரசு நிதிப் பள்ளிகளில் இலவச மதிய உணவு பெற்ற பிள்ளைகளில் 19 வயதுக்குள் உயர்கல்விக்குச் சென்றவர்கள் 2022–23இல் 29.0 சதவீதம். மற்றவர்களில் 49.8 சதவீதம். இடைவெளி 20.8 புள்ளி. இந்த 29.0 சதவீதத்திலிருந்து வந்த மாணவரே அந்தப் பள்ளிப் பிள்ளைக்கு ‘தன்னைப்போன்ற ஒருவர்’. பண்டூராவின் இரண்டாம் வழி அவர் மூலமாகத்தான் திறக்கிறது. வாரத்துக்கு 18.8 மணி நேரம் வெளியே உழைத்தாக வேண்டிய நிலையில் இருப்பவரும் பெரும்பாலும் அவரே. தூதர் பணியால் அதிகம் பயனடையக்கூடியவருக்கும், அதிகம் பயன் தரக்கூடியவருக்கும் நேரமே இல்லை.

வெளிநிதியும் சுருங்கியிருக்கிறது. பள்ளிகளில் உயர்கல்வி விழிப்பூட்டும் யூனி கனெக்ட் திட்டத்துக்கு 2020–21இல் 6 கோடி பவுண்டு. 2021–22இல் 4 கோடி. 2022–23இல் 3 கோடி. 2025–26இல் 2 கோடி. ஐந்து ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கு குறைப்பு. இந்த நிதியில் 10 சதவீதம் மாணவர் தூதர்களின் ஊதியமாகச் சென்றது என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், குறைந்த 4 கோடியில் அவர்கள் பங்கு 40 லட்சம் பவுண்டு. விடுப்பு ஊதியம் சேர்த்து மணிக்கு 13.45 பவுண்டு என்றால் சுமார் 2,97,000 மணி நேரம். 120 மணி நேரக் கணக்கில் ஏறத்தாழ 2,480 பேரின் பணி. பங்கு 5 சதவீதமே என்றாலும் 1,240 பேர்.

பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து செலவிட்டால் எவ்வளவு? 100 தூதர்கள், ஆளுக்கு 120 மணி நேரம், மணிக்கு 12.00 பவுண்டு: 1,44,000. விடுப்பு ஊதியம் சேர்த்தால் சுமார் 1,61,400. 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு, இந்த ஊதிய அளவில், வேலை தருபவர் தேசியக் காப்பீட்டுத் தொகை கட்ட வேண்டியதில்லை. சிறுவர்களோடு பணியாற்றுவோருக்கான விரிவான குற்றப் பின்னணிச் சோதனை தேவைப்பட்டால் ஆளுக்கு முன்பு 38 பவுண்டு. டிசம்பர் 2024 முதல் 49.50. நூறு பேருக்கு 4,950. மொத்தம் 1,66,350 பவுண்டு. 2024–25இல் இங்கிலாந்து மாணவர் கட்டணம் ஆண்டுக்கு 9,250. மூன்று ஆண்டுக்கு 27,750. ஆறு மாணவர்களின் முழுப் படிப்புக் கட்டணம் 1,66,500. நூறு பேரின் ஓராண்டுத் தூதர் பணிக்கு ஆகும் செலவு அதற்குள் அடங்குகிறது.

பலன் உண்மையா என்று அளக்கவும் அதிகச் செலவில்லை. பண்டூரா 2006இல் எழுதிய வழிகாட்டி, ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்ற உறுதியை 0 முதல் 100 வரை, பத்துப் பத்தாக ஏறும் அளவில் கேட்கச் சொல்கிறது. “30 அந்நியர் முன் 20 நிமிடம் பேச முடியுமா?”, “பதில் தெரியாத கேள்வியைச் சமாளிக்க முடியுமா?” என்பதுபோல் பத்துக் கேள்விகள் போதும். ஆனால் பணிக்கு முன்னும் பின்னும் தூதர்களை மட்டும் கேட்டால் கணக்கு பிழையாகும். ஏற்கெனவே துணிவுள்ளவர்களே விண்ணப்பிக்கிறார்கள். 100 இடத்துக்கு 300 பேர் தகுதியோடு விண்ணப்பித்தால் குலுக்கலில் 100 பேரை எடுத்து, எஞ்சிய 200 பேரையும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். இரு குழுக்களின் வேறுபாடே தூதர் பணி தந்த பலன். அது 0.18ஐ ஒட்டி வருகிறதா, 0.33ஐ ஒட்டி வருகிறதா என்பது தெரிந்தால் அடுத்த ஆண்டின் திட்டம் ஊகத்தில் நிற்காது.

கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் நான்கு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று: வயது பாராமல் ஒரே ஊதியம். 2024 விகிதத்தில் 19 வயது மாணவருக்கு இது மணிக்கு 3.40 பவுண்டு கூடுதல். இரண்டு: பயிற்சியின் 8 மணி நேரத்துக்கும் முழுச் சம்பளம். மூன்று: எல்லோருக்கும் குறைந்தது எட்டுச் சுற்றுக்கு உறுதி, பணத்தேவை உள்ளவர்கள் 120 மணி நேரம் வரை போக முன்னுரிமை. நான்கு: ஷிஃப்ட் பட்டியல் நான்கு வாரம் முன்னதாக. மற்ற வேலையோடும் விசாவின் 20 மணி நேரத்தோடும் பொருத்திப் பார்க்க அந்த அவகாசம் வேண்டும்.

நான்கில் முதல் மூன்றுக்குத்தான் பணம் தேவை. 100 பேர் கொண்ட திட்டத்தில் எல்லோரும் 19 வயதினர் என்றே வைத்தாலும், ஒரே ஊதியத்துக்கான கூடுதல் செலவு ஆண்டுக்கு 40,800 பவுண்டு. விடுப்பு ஊதியம் சேர்த்து 45,725. இரு மாணவரின் மூன்றாண்டுக் கட்டணமான 55,500 பவுண்டைவிட அது குறைவு. இந்தத் தொகையைச் செலவிட மறுக்கும் திட்டம், வேலைக்குப் போகத் தேவையில்லாத மாணவருக்கே பேச்சுப் பயிற்சி தரும். செலவிடும் திட்டம், 68 சதவீதத்தில் இருக்கும் மாணவருக்கும் அந்தப் பயிற்சியைத் தரும். 2024இன் 56 சதவீதம் ஒரே ஆண்டில் 68 ஆகிவிட்ட நிலையில், இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதைத் தள்ளிப்போடக் காரணம் எதுவும் எண்களில் இல்லை.